டைமண்ட் ராஜாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்

சீட்டாட்டத்தில் தோற்றவர்கள் எல்லோரும் சொல்கிற பொய் ஒன்று உண்டு. "கார்டே வரலை" என்பார்கள். எனக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று. கார்டு பிரமாதமாக வந்தது. அப்படி ஒரு கை அதற்குப் பிறகு என் வாழ்நாளில் வரவேயில்லை. அதை வைத்துக்கொண்டு, ஒரு ஹால் நிறைய மாமிகள் பார்த்துக்கொண்டிருக்கத் தோற்றேன். எனக்காக ஆடித் தோற்றிருந்தாலாவது போகிறது என்று விடலாம். மாமியாருக்காக ஆடித் தோற்றேன்.

அறுபதுகளின் நடுவில், பம்பாயில் டிராம் நின்றுபோன புதிதில் நடந்த சங்கதி. எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மாதுங்காவில் மூன்றாவது மாடியில் இரண்டு அறையும் ஒரு பால்கனியும். அதில் மாமியார், இவர், நான். (இவர் என்றால் என் கணவர். பெயரைச் சொல்ல அப்போது கூச்சமாக இருந்தது. இப்போது அவசியம் இருப்பதில்லை, செருமினாலே திரும்பிப் பார்க்கிறார்.)

நான் பம்பாய்க்கு வெளியே கல்யாண் என்ற ஊரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மூன்று அண்ணன்கள். ரம்மிக்கு நாலாவது கை தேவைப்பட்டதால், எனக்குத் தலை பின்னிக்கொள்ளத் தெரிவதற்கு முன்பே சீட்டுப் பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பெண் பார்க்க வந்தபோது ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்டார்கள், பாடத் தெரியுமா என்று கேட்டார்கள். ரம்மி தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்ததே அது ஒன்றுதான். ரம்மியில் என்னை அடிக்க ஆளில்லை என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தேன். (நான் அதுவரை ஆடியது அந்த மூன்று பேரோடு மட்டும்தான். தங்கையை அழவிட்டால் அம்மா சோறு போட மாட்டாள் என்று மூவரும் விட்டுக்கொடுத்து ஆடினார்கள் என்பது ரொம்பப் பிற்பாடு தெரிந்தது.)

ரம்மியைத் தவிர எனக்குத் தெரிந்த இன்னொரு வித்தை டைப்பிங். கல்யாணத்துக்கு முன்பு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் இண்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். அவர்கள் ஆற அமர யோசித்து, நான் தாலி கட்டிக்கொண்டு மாதுங்காவுக்கு வந்த பிறகு, வேலை தருகிறோம், திங்கட்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்ச்கேட்டா வி.டி.யா, எந்த ஸ்டேஷனில் இறங்குவது, எந்தப் புடவையை முதல் நாள் கட்டுவது என்பது வரைக்கும் தீர்மானித்துவிட்டேன். இவரிடம் கேட்டேன். "அம்மாவைக் கேளு" என்றார். அம்மாவைக் கேட்டேன். "யோசிக்கலாம்" என்றார். அந்த வீட்டில் ஒரு விஷயத்தை யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டால் அதற்குப் பால் தெளித்தாயிற்று என்று அர்த்தம். இவருடைய சைக்கிள், பால்கனிக்குத் திரை, ஒரு ரேடியோ எல்லாம் எனக்கு முன்பே அங்கே யோசனையில் கிடந்தன.

மாமியார் கெட்டவர் இல்லை. புது மாட்டுப்பெண்ணைப் பழக்க வேண்டும் என்பதில் மட்டும் ரொம்பத் தீவிரம். அந்த நான்கு மாதமும் என்னைக் கட்டிடம் கட்டிடமாக, மாடி மாடியாக அழைத்துப் போனார். போகிற வீட்டில் எல்லாம் ஏதாவது நீட்டுவார்கள். பெரியவர்கள் எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்க வேண்டும், குங்குமமோ பிரசாதமோ என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், வேண்டாம் என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக்கூடாது. இது பாடம். ஒரே சாயங்காலத்தில் நாலு வீட்டில் நாலு தட்டு கேசரி தின்றிருக்கிறேன். மாமியாருக்கு அதில் அலாதிப் பெருமை. "எங்காத்துப் பொண்ணுக்கு வேண்டாம்னு சொல்லவே தெரியாது" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார்.

அவருக்கு இருந்த இன்னொரு பெருமையும் ஒரு குறையும் ரம்மியைச் சேர்ந்தவை. எங்கள் பேட்டை மாதர் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு முறை ரம்மிப் போட்டி நடக்கும். கடைசிச் சுற்றுக்கு ஏழு பேர் வருவார்கள். அதில் நாலு பேருக்குப் பரிசு. எல்லாம் எவர்சில்வர். முதல் பரிசு அண்டா, பிறகு குடம், அடுக்கு, நாலாவதாக வருகிறவருக்குக் கூஜா. அந்தக் காலத்தில் எவர்சில்வர் என்றால் மாமிகளுக்குக் கிட்டத்தட்ட வைரத்தோடு மாதிரி. என் மாமியார் வருஷா வருஷம் கடைசிச் சுற்றுக்கு வந்துவிடுவார். வருஷா வருஷம் ஐந்தாவதாக வெளியே வருவார். ஐந்தாவதாக வருவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்திலேயே ஆள் கிடையாது.

அந்த வருஷம் கடைசிச் சுற்று சனிக்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமை காலையில் மாமியார் எழுந்து உட்கார்ந்தால் இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருக்கின்றன. கண்வலி. சங்கத்துச் செக்ரெட்டரி மாமி கீழே தெருவில் நின்றபடியே, மேலே வராமல் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டார். "தர்மு, நீ கார்டைத் தொட்டா நாளைக்கு மாதுங்கா முழுக்கக் கண் வந்துடும். நீ வராதே. வேணும்னா உன் மாட்டுப்பொண்ணை அனுப்பு."

மாமியார் கண்ணில் பன்னீர்த் துணியை வைத்துக்கொண்டு படுத்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"சரோஜா, உனக்கு ரம்மி வருமோ?"

"நன்னா வரும்மா."

"நன்னா வர்றவாளைத்தான் நான் நம்பறதில்லை. கேட்டுக்கோ. நீ ஜெயிக்கப் போகலை. உக்காந்திருக்கப் போறே. மூணு பேர் எழுந்து போற வரைக்கும் நீ உக்காந்திருந்தாப் போறும். கார்டு சுமாரா இருந்தா ஸ்கூட். ஒரிஜினல் இல்லேன்னா ஸ்கூட். எவளாவது கம்பல்சரில நிக்கறாள்னா, உனக்கு தங்கமா கார்டு வந்தாலும் ஸ்கூட். அவ தானா போயிடுவா. புரிஞ்சுதா?"

இந்த இடத்தில், ரம்மி ஆடாத புண்ணியவான்களுக்காக நிறுத்திச் சொல்கிறேன். அது நூற்றொன்று ஆட்டம். தோற்கத் தோற்கப் புள்ளி ஏறும். நூற்றொன்று ஆனால் ஆள் அவுட். கை சரியில்லை என்றால், முதல் சீட்டை எடுப்பதற்கு முன்பே "ஸ்கூட்" என்று சொல்லிக் கவிழ்த்துவிடலாம். இருபது புள்ளியோடு போகும். ஒரு சீட்டைத் தொட்டு எடுத்துவிட்டால் அந்தச் சலுகை போச்சு. அதற்குப் பிறகு ஓடினால் நாற்பது. ஓடாமல் ஆடி, வேறொருவர் டிக் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டால், நம் கையில் சேராமல் நிற்கிற சீட்டுகளின் எண்ணிக்கை அத்தனையும் நம் தலையில் விழும். புள்ளி ஏறிப்போய், இனி ஸ்கூட் பண்ணினாலே அவுட் என்ற நிலைமையில் இருப்பவருக்குத்தான் கம்பல்சரி என்று பெயர். அவர் எந்தக் குப்பை வந்தாலும் ஆடியே ஆகவேண்டும். ஒரிஜினல் என்றால் ஜோக்கர் கலக்காத, ஒரே இனத்து வரிசை; அது இல்லாமல் டிக் அடிக்க முடியாது.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பன்னீர்த் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே மாமியார் ஒன்று சொன்னார்.

"நாலுல வந்துட்டு வா. உன் ஆபீஸ் விஷயத்தை அப்புறம் யோசிக்க வேண்டாம். போன்னு சொல்லிடறேன்."

இவர் பேப்பரைத் தாழ்த்தி அம்மாவை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் பேப்பருக்குள் போய்விட்டார். ஆபீஸுக்கு முதல் நாள் கட்டிக்கொள்ள வேண்டிய புடவையைச் சனிக்கிழமையே கட்டிக்கொண்டு கிளம்பினேன். அவ்வளவு நம்பிக்கை.

சங்கத்து ஹாலில் ஜமக்காளம் விரித்து, அதன் மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பு போட்டிருந்தார்கள். சீட்டு பறக்கும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். ஆறு மாமிகளும் ஒரு நானும் வட்டமாக உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தோம். சுற்றி வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். எனக்கு வலது பக்கத்தில் செம்பூரிலிருந்து வருகிற அலமேலு மாமி. பஞ்சு மாதிரி உடம்பு, பாகு மாதிரிப் பேச்சு. என்னைப் பார்த்ததும் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். "தர்மு குடுத்து வச்சவ. எத்தனை அடக்கமான பொண்ணு!" என்றார். எதிரில் கண்ணாடி போட்ட டீச்சர் மாமி, பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். மற்றவர்கள் இந்தக் கதைக்கு வேண்டாம்.

முதல் ஆட்டத்திலேயே டிக் அடித்தேன். அதுதான் பிடித்தது சனி. மாமியாரின் உபதேசம் அந்த நிமிஷமே காதுக்கு வெளியே போயிற்று. ஸ்கூட்டாவது ஒன்றாவது! இருபது இருபதாகக் கொடுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஐந்தாவதாக வெளியே வருகிற ஆட்டம் மாமியாருடையது, என்னுடையது வேறு என்று நினைத்துக்கொண்டேன். வந்த கையை எல்லாம் ஆடினேன். மாமிகள் ஆளுக்கொரு முறை டிக் அடித்தார்கள். ஒவ்வொரு முறையும் என் கையில் ராஜா ராணிகளாக நின்றார்கள். தர்பார் நடத்துகிற மாதிரி. காபி வந்தபோது பார்த்தால் என் புள்ளி எண்பது.

ஆனால் தெய்வாதீனமாக, அதற்குள் இரண்டு மாமிகள் அவுட் ஆகியிருந்தார்கள். மிச்சம் ஐந்து பேர். இன்னும் ஒருவர் எழுந்து போனால் போதும், உட்கார்ந்திருக்கிற நாலு பேருக்கும் எவர்சில்வர். எனக்கு எவர்சில்வரோடு ஃபோர்ட்டும்.

அலமேலு மாமியின் புள்ளி தொண்ணூற்றேழு. கம்பல்சரி. மற்ற மூவரும் சௌக்கியமாக இருந்தார்கள். அதாவது போகப்போகிறவர் ஒன்று மாமி, இல்லாவிட்டால் நான்.

டீச்சர் மாமி சீட்டைப் போட்டார். எடுத்து விரித்தேன். ஸ்பேடில் நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று ஒரிஜினல் வரிசையாக வந்து நிற்கிறது. கூட ஒரு ஜோக்கர். இரண்டு எட்டு. இரண்டு மூன்று. டைமண்ட் ராணி. பாக்கி மூன்றும் உதிரி. அந்த மாதிரிக் கையைப் பார்த்தால் என் அண்ணன்மார் எழுந்து ஆடியே விடுவார்கள். "ஒரிஜினலும் ஜோக்கரும் வச்சுண்டு ஸ்கூட் பண்றவன் மீசையை எடுத்துடலாம்" என்பான் பெரிய அண்ணன். எனக்கு மீசை இல்லை என்றாலும் அந்த வார்த்தை சுருக்கென்றது.

இன்னொரு பக்கம் மாமியார், பன்னீர்த் துணியும் தானுமாக, தங்கமா கார்டு வந்தாலும் ஸ்கூட் என்கிறார்.

யோசித்தேன். ஸ்கூட் பண்ணினால் எனக்கு நூறு. நூறு வரைக்கும் உயிர் உண்டு. அலமேலு மாமிக்கு ஸ்கூட் கிடையாது. மற்ற மூவரில் யாராவது ஒருத்தி டிக் அடித்தால் மாமி கதை முடிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நாலாவது ஆளாக ஆகிவிடுவேன். ஆடினாலோ, ஜெயித்தால் பேஷ், வேறு யாராவது ஜெயித்தால் நானும் போவேன். ஆடாமலே கிடைக்கிறதை எதற்கு ஆடித் தொலைக்க வேண்டும்? ஆனால் இந்தக் கையைக் கவிழ்த்துவிட்டு, அடுத்த ஆட்டத்தில் குப்பை வந்து, அப்போது நானும் கம்பல்சரியாக நின்றால்? நெற்றியில் வேர்வை வழிந்தது. சுற்றியிருந்த மாமிகள் விசிறிக்கொள்வதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் மீசை தோற்றது, ஃபோர்ட் ஜெயித்தது. ஸ்கூட் என்று தீர்மானித்தேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த முதல் புத்திசாலித்தனமான தீர்மானம் அது. ஒரு அரை நிமிஷம் நீடித்தது.

இந்த ஆட்டத்தில் முதல் முறை அலமேலு மாமியுடையது. அவர் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாத சீட்டைக் கீழே போட வேண்டும். அதன் பிறகு என் முறை. நான் ஸ்கூட் என்று சொல்ல வேண்டும். மாமி எடுத்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். வேண்டாத சீட்டைக் கீழே போடவில்லை. என் பக்கம் திரும்பி, வாயெல்லாம் சிரிப்பாக, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தாம்மா கொழந்தே."

நான்கு மாதப் பழக்கம். ஸ்கூட் என்று சொல்லத் திறந்த வாய் திறந்தபடியே இருக்க, என் கைகள் இரண்டும் தாமாக நீண்டன. வாங்கிக்கொண்டேன். அத்தோடு விட்டேனா? டைமண்ட் ராஜாவைப் பயபக்தியோடு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

யாரோ ஒரு மாமி களுக்கென்றார். அப்புறம் அத்தனை பேரும்.

நான் அவசரமாக, "ஸ்கூட், ஸ்கூட்!" என்றேன்.

"அரே, எடுத்தாச்சே!" என்றார் டீச்சர் மாமி. "எடுத்தப்புறம் ஏது ஸ்கூட்? நாப்பது."

"நான் எடுக்கலை மாமி. அவர் குடுத்தார்."

"குடுத்தா வாங்கினியோல்லியோ?"

செக்ரெட்டரி மாமி கையைத் தூக்கினார். "பஸ், பஸ், போறும். கட்பட், ரகளை எல்லாம் வேண்டாம். கார்டு கைக்கு வந்தா வந்ததுதான். கண்ல வேற ஒத்திண்டாச்சு."

அலமேலு மாமி என் முதுகைத் தடவிக்கொடுத்தார். "பாவம், கொழந்தை. தெரியாம வாங்கிடுத்து. எனக்கென்னவோ விட்டுடலாம்னுதான் தோணறது. ஆனா ரூல்னு ஒண்ணு இருக்கே, என்ன பண்றது?"

நாற்பது ஏறினால் நூற்றிருபது. அவுட். ஆகவே ஓட முடியாது. எத்தனையோ யோசித்து, கூட்டிக் கழித்து, ஆடவே வேண்டாம் என்று முடிவுகட்டிய ஆட்டத்தில், இருந்ததையெல்லாம் வைத்து ஆட வேண்டியதாயிற்று. சரி, ஆடுவோம். கை நல்ல கைதானே!

கார்டு வந்தது பாருங்கள். இரண்டாவது சுற்றிலேயே மூன்றாவது மூன்று வந்தது. இரண்டு எட்டோடு ஜோக்கர் சேர்ந்துகொண்டது. ஒரிஜினல் ஏற்கெனவே தயார். பாக்கி மூன்று சீட்டு: டைமண்ட் ராணி, மாமி கொடுத்த டைமண்ட் ராஜா, ஒரு இரண்டு. டைமண்ட் ஜாக்கி வந்தால் போதும், டிக். ஒரு ஜோக்கர் வந்தாலும் டிக். ஒரே ஒரு சீட்டு! மாமி நீட்டிய ராஜாவே என்னை ஜெயிக்க வைக்கப்போகிறான் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்புகூட வந்தது. மனசுக்குள் டைப் அடிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்த முறை எனக்கு வந்தது கிளாவர் நாலு. ஒன்றுக்கும் உதவாத சீட்டு. ஆனால் சின்னச் சீட்டு. இங்கேதான் கொஞ்சம் மூளை இருக்கிற யாரும் ராஜாவைக் கீழே போட்டிருப்பார்கள். ராஜா கையில் நின்றால் பத்து, நாலு நின்றால் நாலு. ராணி, இரண்டு, நாலு என்று மூன்றும் நின்றாலும் பதினாறுதான். வேறு யாராவது டிக் அடித்தாலும் தொண்ணூற்றாறில் உயிரோடு இருப்பேன். ஜெயிக்க வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும் என்று மாமியார் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ராஜாவின் மேல் விரலை வைத்தேன். அலமேலு மாமி கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் கையால் கொடுத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியது. அவர் கண்ணெதிரிலேயே எப்படித் தூக்கி எறிவது?

கிளாவர் நாலைப் போட்டேன்.

சுற்றி வந்தது. அலமேலு மாமி ஒரு சீட்டை எடுத்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஏதோ முணுமுணுத்தார். "டிக்" என்றார், அதே பாகுக் குரலில்.

ராஜா பத்து, ராணி பத்து, இரண்டு. எண்பதோடு சேர்த்தால் நூற்றிரண்டு. செக்ரெட்டரி மாமி இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார், பாவம், ஏதாவது குறையாதா என்று. எனக்கு வெற்றிலை பாக்கும் ஒரு தேங்காயும் நீட்டினார்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் கட்டிடத்துக்கு ஐந்து நிமிஷ நடை. அன்றைக்கு அரைமணி ஆயிற்று. அழுதுகொண்டே வந்தேன் என்று சொல்ல ஆசைதான். நிஜத்தில், அந்த அண்ணன்கள் மூவரையும் திட்டிக்கொண்டு வந்தேன். கதவைத் திறந்ததும் பன்னீர்த் துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"எத்தனாவது?"

"அஞ்சு."

மாமியார் துணியை எடுக்கவில்லை. "எவ கம்பல்சரி?"

"அலமேலு மாமி."

"உனக்கு?"

"எம்பது."

"ஸ்கூட்டுன்னியா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பேப்பருக்குப் பின்னால் குலுங்கிக்கொண்டிருந்தார். மாமியார் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, சிவந்த கண் இரண்டையும் திறந்து என்னைப் பார்த்தார்.

"கண்ல ஒத்திண்டியா?"

"ம்."

"நான் இங்க பன்னீரை ஒத்திண்டு கெடக்கேன். நீ அங்க ராஜாவை ஒத்திண்டிருக்கே." பல்லைக் கடித்தார். "அவ தெரிஞ்சுதாண்டி நீட்டினா. எனக்கும் நீட்டுவா. பழைய பழக்கம். நான் கையை ரெண்டையும் தொடைக்கடில வச்சுண்டு உக்காந்துப்பேன். உனக்கு எல்லாம் சொன்னேன், அதைச் சொல்லலை."

"பெரியவா நீட்டினா வாங்கிக்கணும்னு நீங்கதானேம்மா…"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இவர் பேப்பரில் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. மாமியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸும் இல்லை, இனி அடுக்களையும் இல்லை, கல்யாணுக்கு டிக்கெட்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"ஆமா," என்றார். "நான்தான். வேண்டாம்னு சொல்லத் தெரியாத பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லிண்டேன். அதை அலமேலு கேட்டுண்டிருந்திருக்கா." துணியைப் பன்னீரில் முக்கிப் பிழிந்தார், அலமேலு மாமியின் கழுத்தைப் பிழிகிற மாதிரி. "உன்னை ஆத்துக்குள்ளயே வச்சுண்டா தேற மாட்டே. திங்கக்கெழமை போய் வரேன்னு சொல்லிட்டு வா. நாலு பேர் நாலு ஃபைலை நீட்டுவா. வேண்டாம்னு சொல்லக் கத்துண்டு வா."

இப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. டைப்பிங் வேகத்துக்காகக் கம்பெனி கொடுத்தது பாதி. ராஜாவை ஒற்றிக்கொண்டதற்காக மாமியார் கொடுத்தது பாதி.

கற்றுக்கொள்வது சுலபமாக இல்லை. முதல் நாளே ஹெட் கிளார்க் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கினேன். (கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. அந்த அளவுக்கு முன்னேறியிருந்தேன்.) விஷயம் பரவி, மூன்று டிபார்ட்மெண்டின் வேலையும் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்தால் மாமியார் தினமும் கேட்பார், "இன்னிக்காவது சொன்னியா?" இல்லை என்றால் உச்சுக்கொட்டுவார். அப்புறம் ஒரு நாள், மழைக்காலம், லோக்கல் ரயில் எல்லாம் நின்றுபோகும் போல இருக்கிறது, ஐந்து மணிக்கு ஹெட் கிளார்க் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையை இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன். "முடியாது சார், நாளைக்கு" என்றேன். அவர் "அச்சா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். இத்தனை சின்ன விஷயத்துக்கா இத்தனை நாள் பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மாமியார் பாயசம் வைத்தார்.

அதற்குப் பிறகு எனக்கு ருசி கண்டுவிட்டது. பஸ்ஸில், கடையில், பக்கத்து வீட்டுக் கேசரியில் எல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷப் போட்டிக்கு மாமியாரே போனார். கண் நன்றாக இருந்தது. அலமேலு மாமி மூன்று தடவை நீட்டினாராம், மாமியார் அசையவில்லையாம். நாலாவதாக வந்துவிட்டார். எத்தனையோ வருஷ ஏக்கம். கூஜாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி, மாடிக்கு மாடி நின்று காட்டிவிட்டு வந்தார். இரண்டு நாள் அது அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் நாள் காணோம். நான் ஆபீஸிலிருந்து களைத்துப்போய் வந்த சாயங்காலம், மாமியார் அடுக்களை வாசலில் கூஜாவோடு நின்றுகொண்டிருந்தார்.

"இந்தா," என்று நீட்டினார்.

ஒரு வருஷப் பழக்கம். கை நீளவில்லை. குரல் நடுங்கவில்லை. "வேண்டாம்மா," என்றேன், எவ்வளவு அழகாகச் சொல்கிறேன் பாருங்கள் என்கிற மாதிரி. "நீங்க ஆசைப்பட்டு ஜெயிச்சது. நீங்களே வச்சுக்கோங்கோ."

மாமியார் முகம் சுருங்கிப்போயிற்று. "ஆபீஸ்ல சொல்லக் கத்துக்கோன்னுதானே அனுப்பிச்சேன்? ஆத்துக்கு வந்து என்கிட்டயே ஆரம்பிக்கச் சொன்னேனா?" என்றார். பிறகு கூஜாவைத் திருப்பினார்.

கழுத்தடியில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. சரோஜா.

அந்த வீட்டில் இருந்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் யாராவது ஒருவர் பெயர் உண்டு. மாமனாருடையது, மாமியாருடையது, இவருடையது. ஒரு ஸ்பூனில்கூட என் பெயர் கிடையாது. இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதும் கிடையாது. அந்த எழுத்துகளைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டேன். சந்தோஷத்திலா, அவசரப்பட்டுப் பேசிவிட்ட அவமானத்திலா என்று தெரியவில்லை. மாமியார் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் தானாகவே அந்தக் கதையைக் கட்டிடம் முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இது ஒரு சட்டமாகிவிட்டது. எனக்கு யார் எதை நீட்டினாலும், புடவையோ புஸ்தகமோ இன்னொரு கரண்டி பாயசமோ, நான் வாயைத் திறப்பதற்குள் சுற்றியிருக்கிறவர்கள் கோரஸாகச் சொல்வார்கள்: "திருப்பிப் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லு." பெண் சொல்வாள், மாப்பிள்ளை சொல்வார். மாமியார் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் எனக்குக் காதுக் கருவி வாங்கக் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு டப்பாவை மரியாதையாக நீட்டினார். இவர் வழக்கம்போல், சட்டத்தை ஞாபகப்படுத்தச் செருமினார். திருப்பிப் பார்த்தேன். விலை போட்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.